மலையகத்தில் ஊழியர் வாகனத்தை ஒழுங்காக நடத்துவது எப்படி?

இலங்கை மலையகத்தின் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை ஆகிய ஊர்களில் ஆடைத் தொழிற்சாலையோ ஹோட்டலோ மரக்கறி பொதியிடும் நிலையமோ நடத்துகிறவர்கள் சந்தித்துக்கொண்டால் இரண்டு குறைகளைத் தவறாமல் சொல்வார்கள். ஆள் கிடைப்பதில்லை என்பது ஒன்று; கிடைத்த ஆளும் நிற்பதில்லை என்பது மற்றொன்று. ஓர் ஆடைத் தொழிற்சாலையின் ஊழியர் பிரிவில் பதினொரு ஆண்டுகள் இருந்து, அவற்றில் ஏழு ஆண்டுகள் வாகனப் பொறுப்பையும் பார்த்தவன் என்ற முறையில், இரண்டாவது குறையைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று நினைக்கிறேன். விலகுகிறவர்கள் கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்றுதான் எழுதுவார்கள். அதே ஆளை வாயிலில் நிறுத்தி, தேநீர் ஒன்றை வாங்கிக் கொடுத்து விசாரித்தால், பாதிப் பேர் சம்பளத்துக்கு முன்னர் வேனைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள்.

ஒரு ஜூலை மாதக் காலையை மறக்க முடியவில்லை. முதல் நாள் பழுதடைந்த வேன் அன்று வரவில்லை; சாரதி எனக்கு அறிவித்தபோது மணி ஐந்தரை ஆகிவிட்டது. நான் வேறு வாகனம் தேடிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, தேயிலைத் தோட்டத்துப் பாதை பிரதான வீதியைத் தொடும் சந்தியில் ஏழு பெண்கள் மழையில் நின்றார்கள். ஒருவர் காலில் செருப்பும், கையில் இருந்த ஷொப்பிங் பையில் சப்பாத்தும் வைத்திருந்தார். குறுக்குப் பாதையில் இறங்கி வந்ததால் கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. "வேன் வராட்டியும் பரவாயில்லைங்க சேர். வராதுன்னு நேத்தே சொல்லியிருந்தா நான் புள்ளைய நாலரைக்கு எழுப்பியிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அந்த மாத இறுதியில் அவர் விலகிவிட்டார். கடிதத்தில் இருந்த காரணம் சொந்தக் காரணம்தான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்தப் பெண் சொன்னதன் விரிவுதான். ஊழியருக்கு வாகனம் கொடுப்பது நன்மைதான். ஆனால் அவரை நிறுவனத்தோடு பிணைப்பது அந்த வாகனம் நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கையே. வாகனம் கொடுக்காத நிறுவனத்தை ஊழியர் மன்னிப்பார். கொடுப்பதாகச் சொல்லிவிட்டுச் சந்தியில் நிற்க வைக்கும் நிறுவனத்தை மன்னிக்க மாட்டார். எனவே, செய்வதாயின் ஒழுங்காகச் செய்ய வேண்டும். எப்படி என்பதை இனிப் பார்ப்போம்.

முகவரியை விட்டுவிட்டுச் சந்தியை எழுதுங்கள்

ஊழியர் கோப்பில் உள்ள முகவரியை வைத்து வாகனப் பாதை போட்டால் முதல் வாரத்திலேயே தவறிப்போகும். தோட்டத்து முகவரி என்பது பெரும்பாலும் தோட்டத்தின் பெயரும் டிவிசன் எனப்படும் அதன் பிரிவின் பெயரும்தான். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில், அதே முகவரியில் இருக்கும் மேல் கணக்கு (மேற்பகுதி) லயத்துக்கும் கீழ் கணக்கு (கீழ்ப்பகுதி) லயத்துக்கும் இடையில் இரண்டு, மூன்று மைல் ஏற்றம் இருக்கலாம். ஆகவே ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகளை நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சந்தியில் ஏறுவீர்கள்? வீட்டிலிருந்து அந்தச் சந்திக்கு, மழைக் காலையில், எத்தனை நிமிடம் நடக்க வேண்டும்? நீங்கள் புறப்படும் நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

மூன்றாவது கேள்வி வாகனத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றலாம். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா என்னும் பிள்ளை பராமரிப்பு நிலையம் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் நேரத்துக்குத்தான் திறக்கும்; ஐந்தரை மணிக்குச் சந்திக்கு வர வேண்டிய தாய் பிள்ளையை அம்மாவிடமோ மாமியாரிடமோ பக்கத்துக் காம்பராவிலோ விட்டுவிட்டுத்தான் வர முடியும். அந்த ஏற்பாடு வேன் வரும் நேரத்தைச் சுற்றியே கட்டப்படுகிறது. நேரம் பதினைந்து நிமிடம் மாறினால் அந்த வீட்டில் மூன்று பேருடைய காலை மாறிவிடும்.

நடைத் தூரத்தைப் பொறுத்தவரையில் மாலையைத் தனியாகக் கேட்பது நல்லது. காலையில் இறங்கி வருகிறவர் மாலையில் ஏற வேண்டும். ஆறரைக்கு இருட்டிவிடும், தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிறுத்தை நடமாடும் இடங்கள் அட்டன், பொகவந்தலாவைப் பக்கங்களில் பல உண்டு. பிரதான வீதி வரை சொகுசு பஸ் ஓடினாலும், கடைசி ஒன்றரை மைலில் அச்சம் இருந்தால் வீட்டார் பெண்ணை வேலைக்கு அனுப்பத் தயங்குவார்கள். என் அனுபவத்தில், பணத்தைச் செலவிட வேண்டிய முதல் இடம் அந்தக் கடைசி ஒன்றரை மைல்தான். அந்தத் தோட்டத்திலேயே ஆட்டோ வைத்திருக்கும் ஒருவரோடு மாதக் கணக்குப் பேசி, மாலையில் சந்தியிலிருந்து லயத்துக்கு இரண்டு நடை ஓட வைத்தால், பெரிய பஸ் ஒன்றுக்குச் செலவாகும் பணத்தில் சிறு பங்கிலேயே அதைவிடப் பெரிய பயன் கிடைக்கும்.

செலவை ஒளிக்காமல் கணக்கிடுங்கள்

"வாகனம் கொடுத்தால் ஆட்கள் நிற்பார்கள், செலவு தானாக ஈடாகும்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, உங்கள் எண்களை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது பேருக்கான பஸ் ஒன்று நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர் ஓடுகிறது. மலைப்பாதையில் லீற்றருக்கு 5 கிலோமீற்றர், டீசல் லீற்றர் 300 ரூபாய் என்றால், 26 நாட்களுக்கு எரிபொருள் 93,600 ரூபாய். சாரதிக்கு 65,000, டயர், பிரேக், சேர்விஸ் ஆகியவற்றுக்கு 35,000, காப்புறுதிக்கும் அனுமதிப்பத்திரங்களுக்கும் மாதம் ஒதுக்க வேண்டியது 15,000. மொத்தம் 208,600 ரூபாய். ஆளுக்கு ஏறத்தாழ 6,950.

இனி வரவுப் பக்கம். முப்பது பேரில் நாளாந்தம் மூவர் வராமல் இருந்து, வாகனத்தால் அது பாதியாகக் குறைந்தால், மாதத்துக்கு 39 ஆள்நாட்கள் மிஞ்சும். ஓர் ஆள்நாளின் உற்பத்தி 2,500 ரூபாய் பெறுமதி என்றால் 97,500 ரூபாய். 35,000 ரூபாய்ச் சம்பளக்காரர் ஒருவர் விலகி, புதியவர் இரண்டு மாதம் அரைத் திறனில் வேலை பழகினால், ஊழியர் சேமலாப நிதிக்கான 12 சதவீதத்தையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதத்தையும் சேர்த்து, இழப்பு 40,250 ரூபாய். ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர் விலகிய இடத்தில் ஆறு பேர் விலகினால் மாதத்துக்குச் சுமார் 20,000 ரூபாய் மிஞ்சும். ஆக வரவு ஏறத்தாழ 117,600. இன்னும் 91,000 ரூபாய் கைப்பணம்தான்.

இந்த 91,000 ரூபாயை ஆளுக்குப் பிரித்தால் சுமார் 3,030 வரும். அதே 3,000 ரூபாயை அடிப்படைச் சம்பளத்தில் கூட்டியிருந்தால் இரு நிதிகளையும் சேர்த்து 3,450 ஆகியிருக்கும். மேலதிக நேரக் கொடுப்பனவும் பணிக்கொடையும் அதற்கேற்ப உயர்ந்திருக்கும். ஊழியரின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்குமாக நாளொன்றுக்கு 300 ரூபாய் போகிறவருக்கு மாதம் 7,800 ரூபாய் கரைகிறது. 2026 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 30,000 ரூபாய்க் குறைந்தபட்சச் சம்பளத்தில் அது கால் பங்குக்கும் மேல். மறுபுறம், தோட்டத்து நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாயாகி, அதன் பின்னரும் கூடியிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் காலையில் கூடி வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களம் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூரத்துத் தொழிற்சாலைக்குப் போவதா, தோட்டத்திலேயே பேர் போடுவதா என்று ஒரு தாய் யோசிக்கும்போது இந்தக் கணக்கைத்தான் மனத்துக்குள் போடுகிறாள்.

ஆகவே முழு பஸ் கட்டுப்படியாகாத நிறுவனங்கள் வெட்கப்படத் தேவையில்லை. பக்கத்து நிறுவனத்தோடு ஒரு வாகனத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம்; காலையில் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் நேரத்துக்கு ஓடும் பாதையாயின், வேலை தொடங்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் பின்தள்ளி, மாலைக்கு மட்டும் வாகனம் வைக்கலாம். ஒரு முறை தொடக்க நேரத்தை 7.15 இலிருந்து 7.30 ஆக்கியதே எங்களுடைய பெரிய "வாகனச் சீர்திருத்தம்" ஆனது. அதற்கு ஒரு சதமும் செலவாகவில்லை.

வேன்காரரோடு பேசும்போது

சொந்த வாகனம் வாங்குவதைவிட ஒப்பந்த வேனில் தொடங்குவதே பெரும்பாலானோருக்கு உகந்தது. ஆனால் கஷ்டங்களில் முக்கால்வாசி இந்த ஒப்பந்தத்தில்தான் பிறக்கும் என்பதால் இதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில், அந்த வேன் உங்களுக்கு முன்னரும் பின்னரும் என்ன செய்கிறது என்று கேளுங்கள். மலையக நகரங்களில் ஊழியர் ஹயர் ஓடும் வேன்களில் பல, காலையில் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றுகின்றன. உங்கள் ஆட்களை 6.40க்கு இறக்கிவிட்டு 6.45க்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டியவர் வளைவுகளில் என்ன வேகத்தில் வருவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலை விடுமுறைகளில், அதிலும் ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கூட்டம் தொடங்கும்போது, அதே வேனுக்குச் சுற்றுலாப் பயணிகளிடம் மூன்று மடங்கு கூலி கிடைக்கும்; அப்போது உங்கள் வேன் "பழுதாகும்". எனவே அந்த மாதங்களில் வாகனம் வராவிட்டால் பதில் வாகனம் அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அட்டனிலிருந்து மஸ்கெலியாப் பாதையில் ஆள் ஏற்றுகிறவர்கள் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரை வார இறுதிகளில் அந்தப் பாதையில் நேர அட்டவணை என்பது வெறும் காகிதம்தான். சனிக்கிழமை வேலை உள்ள நிறுவனம் அந்த மாதங்களுக்குத் தனி அட்டவணை போடுவதே உத்தமம்.

இரண்டாவது, கொடுப்பனவு. நடைக்கு இவ்வளவு என்று பேசினால் வேன்காரர் அவசர அவசரமாக ஓடி அடுத்த ஹயருக்குப் போகப் பார்ப்பார். மாதக் கூலியாகப் பேசி, டீசல் விலை மாறும்போது கூலி எப்படி மாறும் என்பதையும் அப்போதே ஒரு வரியில் எழுதிவிட்டால் ஆறு மாதத்துக்கு வாக்குவாதம் இருக்காது. அதைவிட முக்கியம், சொன்ன திகதியில் பணத்தைக் கொடுப்பது. கணக்குப் பிரிவு பத்து நாள் பிந்தினால் அந்தக் கடுப்பை வேன்காரர் உங்களிடம் காட்ட மாட்டார். கடைசிச் சந்திக்கு ஏறாமல் வீதியிலேயே ஆட்களை இறக்கிவிட்டுப் போவார். ஊழியர் அதை வேன்காரரின் தவறாக எண்ண மாட்டார். கம்பனியின் தவறாகவே எண்ணுவார்.

மூன்றாவது, நேரம். ஒவ்வொரு சந்திக்கும் ஒரு நிமிடக் குறிப்பு இருக்க வேண்டும்: மேல் கணக்குச் சந்தி 5.40, கோயிலடி 5.48, பாலத்தடி 5.55 என்பது போல. அந்தத் தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வாகனத்துக்குள்ளும் நிறுவனத்து அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள். சாரதி குறித்த நேரத்துக்கு மேல் இரண்டு நிமிடம் காத்திருக்கலாம். குறித்த நேரத்துக்கு முன்னர் ஒரு நிமிடம்கூடப் புறப்படக் கூடாது. பிந்தி வரும் வேனை மனிதர்கள் திட்டிக்கொண்டாவது பொறுப்பார்கள். முந்திப் போய்விட்ட வேனின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே இறங்கி ஓடி வந்தவர் அன்று வீட்டுக்குத் திரும்பி, அடுத்த திங்கட்கிழமை வரை வர மாட்டார்.

சாரதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் உங்கள் நிறுவனத்தின் முதல் முகம். காலையில் ஊழியர் காண்பதும் மாலையில் கடைசியாகக் காண்பதும் அவரையே. பெண்கள் பயணிக்கும் வாகனத்தில் ஒருவர் மட்டும் சாரதியோடு தனியாக இருக்கும்படியான ஏற்ற இறக்க வரிசை போடாதீர்கள். தவிர்க்க முடியாத பாதையாயின் அந்தக் கடைசிச் சந்தியில் இருந்தே இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன் சீட்டு யாருக்கு என்ற விடயம் சிரிப்பாகத் தோன்றும். எங்களிடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் கடைசிச் சந்தியில் ஏறினாலும் முன் சீட்டு அவருக்காகக் காலியாகவே வரும். பின்னால் மூன்று பெண்கள் நின்றுகொண்டு வருவார்கள். முதலில் ஏறுகிறவர் முதலில் இருப்பார் என்று ஒரு வரி எழுதி ஒட்டியதும், அந்த மேற்பார்வையாளர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அது தாங்கக்கூடிய நட்டம்தான்.

பத்திரங்களும் பாதுகாப்பும்

வாகன வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், சாரதியின் அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை எல்லாரும் வாங்கிக் கோப்பில் போடுவார்கள். காப்புறுதிப் பத்திரத்தைத்தான் பலர் வாசிப்பதில்லை. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வேனில் கூலிக்கு ஆள் ஏற்றினால், விபத்தின்போது காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடலாம். வாடகைப் பாவனைக்கான காப்புறுதிதானா, எத்தனை பயணிகளுக்கு என்பதைப் பார்த்துவிட்டே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

இதில் முதலாளிமார் அறிய வேண்டிய மற்றொன்று உண்டு. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்துக்கு 2022 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் வேலையிலிருந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்துகளும் நட்டஈட்டுக்கு உட்படும். நட்டஈட்டின் உச்ச வரம்பும் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தப்பட்டது. எனவே, வாகனம் கொடுக்காவிட்டால் பொறுப்பும் இல்லை என்ற பழைய எண்ணம் இப்போது செல்லாது. பாதுகாப்பான வாகனத்தில் ஆட்களை அழைத்துவருவது நிறுவனத்துக்கே ஒரு காப்பு.

ஆசனங்களுக்கு மேல் ஆள் ஏற்றாதீர்கள். 2025 மே 11 ஆம் திகதி அதிகாலையில் கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் கவிழ்ந்த பஸ்ஸில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தப் பாதையில் நாள்தோறும் ஆள் ஏற்றுகிறவர்கள் நாம். மாதம் ஒரு முறை நீங்களே குனிந்து டயரைப் பாருங்கள். கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிச் சென்று பிரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மலையிறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே காலை வைத்து வருகிற சாரதியைப் பயணிகளே அடையாளம் காட்டிவிடுவார்கள். சக்கரத்திலிருந்து எரிந்த வாடை வருகிறது என்று யாராவது சொன்னால் அன்றே விசாரியுங்கள்.

பெண்களை இரவு முறையில் வேலைக்கு வைக்கும் தொழிற்சாலைகளுக்குத் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியும், மாதத்துக்குப் பத்து இரவுகளுக்கு மேல் கூடாது என்ற வரையறையும் உண்டு. இரவு வாகனத்தை ஒழுங்கு செய்யும் முன்னர் அந்த அனுமதி கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மழை நாளுக்கான விதியை வெயில் நாளில் எழுதுங்கள்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் அட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கங்களில் ஒரு மண்மேடு சரிந்தாலே பாதை அரை நாள் மூடப்படும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஆண்டிறுதி மழை ஆபத்தானது; 2014 அக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது வீதிகளும் ரயில் பாதையும் ஒருசேர அறுந்தன. அப்படியான ஒரு காலையில் வேன் போகுமா போகாதா என்ற முடிவைச் சாரதியின் தலையில் சுமத்துவது அநியாயம். வராவிட்டால் கூலி வெட்டப்படும் என்று பயந்தே அவர் புறப்படுவார்.

எனவே மூன்று விடயங்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள். முடிவெடுப்பவர் யார், எத்தனை மணிக்கு முடிவெடுப்பார் என்பது முதலாவது. நான் இருந்த இடத்தில் இரவு எட்டு மணிக்கு ஒரு முடிவும் அதிகாலை நான்கு மணிக்கு ஓர் உறுதிப்படுத்தலும் என்று வைத்திருந்தோம். அதற்கு மேல் எடுக்கும் எந்த முடிவும் பிள்ளையை எழுப்பிய பின்னர் வரும் முடிவுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. ஆட்கள் ஏறும் பிரிவுக்குச் சிவப்பு என்றால் வாகனம் போகாது, செம்மஞ்சள் என்றால் பிரதான வீதிக்கு மேல் ஏறாது என்று எழுதிவிட்டால் வாதத்துக்கு இடமில்லை. பாதை நிலவரம் தெரியாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் கேட்கலாம்.

இரண்டாவது, அறிவிக்கும் வழி. அது வாட்ஸ்அப் குழு மட்டுமாக இருக்கக் கூடாது. பள்ளத்தில் இருக்கும் லயங்களில் சிக்னல் வராது. மின்சாரம் போன மறுநாள் பாதிப் பேருடைய கைப்பேசியில் சார்ஜ் இருக்காது. ஒவ்வொரு சந்திக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருக்கு அழைப்பெடுத்துச் சொல்லி, அவர் மற்றவர்களுக்குக் குரல் கொடுக்கும்படி செய்யுங்கள். அவருக்கு மாதம் ஒரு ரீலோட் போட்டுக் கொடுத்தால் போதும், மகிழ்ச்சியோடு செய்வார்.

மூன்றாவது, கூலி. நிறுவனத்து வாகனம் வராததால் வர முடியாமல் போனவருக்கு அந்த நாளில் என்ன கணக்கு? லீவில் கழிப்பீர்களா, அரைச் சம்பளமா, முழுச் சம்பளமா? என் கருத்தில், நிறுவனம் வேனை நிறுத்தினால் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். வருகைக்கான ஊக்கத் தொகையையும் அந்த ஒரு நாளுக்காக வெட்டக் கூடாது. ஆண்டுக்கு நான்கைந்து நாட்கள்தான் அப்படி நேரும். அந்த நாட்களை மனிதர்கள் பத்து ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பார்கள்.

வாகனம் கயிறாகிவிடக் கூடாது

ஆள் நிற்க வேண்டும் என்ற ஆசையில் சிலர் வாகனத்தையே கட்டுக்கயிறாக்கப் பார்ப்பார்கள். இரண்டு ஆண்டு வேலை செய்வதாக ஒப்பமிட்டவருக்கே வேனில் இடம், லீவு எடுத்தால் அந்த வாரம் இடமில்லை என்றெல்லாம் விதி போட்ட இடங்களைக் கண்டிருக்கிறேன். அதைவிடப் பரவலான தந்திரம், வேனை எட்டு மணிக்கு மட்டும் புறப்பட வைப்பது. ஐந்தரைக்கு வேலை முடிந்தவர் வேறு வழியில்லாமல் ஓ.டி. (மேலதிக நேர வேலை) செய்வார், தாளில் அது "விருப்பத்தின் பேரில்" செய்த ஓ.டி. ஆகும். இப்படி நிற்க வைக்கப்பட்டவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை காலியென்று கேள்விப்பட்ட அன்றே பையைக் கட்டுவார். ஓ.டி. உள்ள நாட்களிலும் இரண்டு நடை ஓடட்டும், ஒன்று வழக்கமான நேரத்துக்கு, மற்றொன்று ஓ.டி. முடிந்த பின்னர். இரண்டாவதற்குச் செலவாகும் பணம் இல்லாவிட்டால் அன்று ஓ.டி. வைக்கும் அவசியமும் அவ்வளவு பெரிதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊழியரிடமிருந்து பங்குத்தொகை வாங்குவதாயின் அது பொதுப் பஸ் கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். சம்பளத்தில் கழிப்பதாயின் ஒவ்வொருவரிடமும் எழுத்துமூலச் சம்மதம் வாங்கி, சம்பளத் தாளில் தனி வரியில் காட்டுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் பணம் கொடுத்தவர் வேன் பிந்தினால் வந்து கேட்பார், அதுவும் நல்லதுதான். நிறுவனத்துக்கு நடந்தே வருகிறவர்களையும் வாகனம் ஏற முடியாத இடத்தில் இருப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு ஒரு சிறு கொடுப்பனவோ, மழைக்காலத்துக்கு நல்ல ரெயின்கோட்டும் டோர்ச்சும் ஆளுக்கொன்றோ கொடுக்கலாம். இல்லாவிட்டால் வேனில் வருகிறவர்களுக்கும் நடந்து வருகிறவர்களுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்துவிடும்.

பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் உரித்தாகும். ஐந்தாம் ஆண்டை முடித்த கையோடு விலகுகிறவர்கள் அதிகம் என்றால், அவர்களைப் பிடித்து வைத்தது பணிக்கொடைதான், உங்கள் வாகனம் இல்லை என்று விளங்கிக்கொள்ளலாம்.

பயன் இருக்கிறதா என்று பார்க்க

விரிவான ஆய்வு எதுவும் தேவையில்லை. வாகனம் தொடங்குவதற்கு முந்திய ஆண்டின் வரவுப் பதிவேட்டையும் தொடங்கிய ஆண்டின் பதிவேட்டையும் மாதத்துக்கு மாதம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூலையை ஜூலையோடு ஒப்பிட வேண்டுமே தவிர, மார்ச்சோடு ஒப்பிடக் கூடாது. வராதோரின் எண்ணிக்கையைச் சந்தி வாரியாகப் பிரியுங்கள். ஒரே சந்தியில் மட்டும் எண்ணிக்கை குறையவில்லை என்றால், அங்கே நேரம் தவறுகிறது அல்லது யாரோ யாரையோ தொந்தரவு செய்கிறார்கள். இரண்டாவதைப் பெண் அலுவலர் ஒருவர் தனியாகக் கேட்டால்தான் வெளிவரும்.

வாகனத்தை நிறுத்த வேண்டிய நிலையும் வரலாம். 2022 ஜூலையில், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கியூ.ஆர். குறியீட்டு ஒதுக்கீட்டு முறை வந்தபோது வேனொன்றுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 20 லீற்றர்தான் ஒதுக்கினார்கள். மலைப்பாதையில் அது மூன்று நாளுக்குக்கூடப் போதவில்லை. அப்போது சில நிறுவனங்கள் ஒரு வெள்ளி மாலையில் "திங்கள் முதல் வேன் இல்லை" என்று பலகையில் எழுதிவிட்டுப் போயின. வேறு சில, ஆட்களை இரு குழுவாக்கி, குழுவுக்கு மூன்று நாள் என்று வேலையைப் பிரித்து, இருந்த டீசலுக்கு ஏற்ற அளவில் வேனை ஓட்டின. இரண்டாவது வகை நிறுவனங்களில் அந்த நாட்களில் சேர்ந்து கஷ்டப்பட்டவர்களில் பலர் இன்றும் வேலையில் இருக்கிறார்கள். குறைக்க வேண்டியிருந்தால் ஒரு மாதம் முன்னர் சொல்லுங்கள். முதலில் தூரத்துச் சந்தியை வெட்டாதீர்கள்; பொதுப் பஸ் கிடைக்கும் பிரதான வீதிச் சந்திகளை முதலில் விடுங்கள்.

எல்லாவற்றையும் எழுதி முடித்த பின்னர், திட்டத்தை அறிவிக்கும் முன்னர், ஒரு நாள் அதிகாலையில் நீங்களே அந்த வேனில் முதல் சந்தியிலிருந்து ஏறி வாருங்கள். காரில் பின்தொடர்ந்து வருவது கணக்கில் சேராது. முந்திய இரவு அந்தத் தோட்டத்தில் யார் வீட்டிலாவது தங்கி, நான்கரைக்கு எழுந்து, அவர்கள் இறங்கும் குறுக்குப் பாதையிலேயே இறங்கி, 5.40க்குச் சந்தியில் நில்லுங்கள். போகும்போது கையில் கொஞ்சம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள், அட்டை ஏறினால் உதவும்.